சைன்ஃபெல்ட்: அந்த நால்வரைத் தாண்டி உங்கள் ஆள் யார்?

மாடிப்படி நியூமன்:

அமெரிக்க நகைச்சுவைத் தொடரான சைன்ஃபெல்டை மறுபடியும் முதல் சீசனிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1989 முதல் 1998 வரை வந்த 180 எபிசோடுகளிலும் ஜெர்ரி, ஜார்ஜ், எலேன், கிரேமர் நால்வரைப் பற்றிப் பேச இனி புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. இந்தத் தடவை என் கண் முழுக்கத் துணைப் பாத்திரங்கள் மேல்தான். அந்த நால்வருக்கும் எதுவுமே ஒட்டாது. ஜார்ஜுக்கு நிச்சயமான பெண் கல்யாணப் பத்திரிகை உறைகளை நக்கி நக்கி ஒட்டியே செத்துப்போகிறாள். சேதி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள், அப்புறம் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். ஆனால் இடையில் வந்துபோகிற ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை உயிராகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தபால், சூப், கார், மகனின் வேலை, இப்படி. தொடரே தங்களைப் பற்றியதுதான் என்ற நினைப்பில் நடமாடுகிறவர்கள் அவர்கள்.

என் ஓட்டு ஜெர்ரியின் கட்டிடத்தில் குடியிருக்கும் தபால்காரர் நியூமனுக்கு. இரண்டாவது சீசனில் குரலாக மட்டும் வந்த ஆள். அந்தக் குரலும் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் கொடுத்தது. பிறகு வெய்ன் நைட் அந்த வேடத்துக்கு வந்து நிலைத்துவிட்டார், மறு ஒளிபரப்புக்காகப் பழைய குரலையும் அவரையே பேசவைத்து மாற்றினார்கள். தபால்காரர்களுக்கு ஏன் பைத்தியம் பிடிக்கிறது என்று ஜார்ஜ் சாதாரணமாகக் கேட்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? தபால் நிற்பதே இல்லை, வந்துகொண்டே இருக்கிறது என்று நியூமன் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார். வாக்கியம் ஏற ஏறக் குரல் ஏறும், முகம் சிவக்கும், கடைசியில் கிரேமர் வந்து பிடித்து அமைதிப்படுத்த வேண்டியிருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பார்சல் கிடங்கில் பண்டிகைக் காலத் தற்காலிக வேலை பார்த்தேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்தது மோதும். ஒரு மதியம் ஸ்கேனர் வேலைசெய்யாமல் போய்விட்டது. பெட்டிகள் குவியக் குவிய, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் யாரையும் பார்க்காமல் நியூமன் மாதிரியே முணுமுணுக்க ஆரம்பித்தார். அவர் தொடரைப் பார்த்தவரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மழை நாளில் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரே நியூமன், அதை அன்றிலிருந்து நான் குறை சொல்வதில்லை.

சரி, உங்கள் ஆள் யார்? எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள்?

அலுமினியக் கம்பம்:

ஜார்ஜின் அப்பா ஃபிராங்க் கோஸ்டான்ஸா. இதில் போட்டியே கிடையாது.

கிறிஸ்துமஸுக்குப் பதிலாக அவர் கொண்டாடும் ஃபெஸ்டிவஸ் பற்றித்தான் எல்லாரும் சொல்வார்கள். 1997 டிசம்பரில் வந்த எபிசோடு அது. எழுதியவர்களில் ஒருவரான டான் ஓ'கீஃபின் வீட்டில் அவர் அப்பா நிஜமாகவே 1960களில் கண்டுபிடித்த பண்டிகை. பண்டிகைக்கு நட்டுவைக்கும் அலுமினியக் கம்பம் மட்டும் தொடருக்காகச் சேர்த்தது. அவர்கள் வீட்டில் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுச் சுவரில் மாட்டுவார்களாம். ஜோடனை எதுவும் இல்லாத மொட்டைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, அதன் எடைக்கும் வலிமைக்கும் உள்ள விகிதத்தைப் பெருமையாகச் சொல்வது ஃபிராங்கால் மட்டுமே முடியும்.

ஆனால் நான் ஃபிராங்கிடம் சரணடைந்தது வேறு ஒரு காட்சியில். 1996 ஜனவரியில் வந்த எபிசோடு. ஜார்ஜின் கார் நொறுங்கி ரத்தக்கறையோடு நிற்பதைப் பார்த்து, ஆள் செத்துவிட்டான் என்று முடிவு கட்டுகிறார் ஜார்ஜ் வேலை பார்க்கும் நியூயார்க் பேஸ்பால் அணி யாங்கீஸின் முதலாளி ஸ்டைன்பிரென்னர். பெற்றவர்களிடம் தானே நேரில் வந்து சொல்கிறார். அம்மா எஸ்டெல் அழுகிறாள். ஃபிராங்கோ, எதற்காக ஜே பியூனரை விற்றுத் தொலைத்தீர்கள் என்று கத்துகிறார்! மகன் செத்துப்போன சேதி வந்த நேரத்தில்!

எனக்குப் பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. பியூனர் யாரோ ஒரு கற்பனை ஆட்டக்காரர் என்றே நினைத்திருந்தேன். வேலை பார்த்த இடத்தில் யாங்கீஸ் வெறியர் ஒருவர் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் பியூனர் பெயரை எடுத்தேன். சிரிப்பார் என்று பார்த்தால் கையிலிருந்த ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டார். 1988 ஜூலையில் பியூனரைச் சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டு கென் ஃபெல்ப்ஸை வாங்கியதில் ஆரம்பித்து, 1995ல் பியூனர் 40 ஹோம் ரன் அடித்தது, அந்த அக்டோபரில் பிளே ஆஃபில் சியாட்டில் யாங்கீஸை வெளியேற்றியது வரை வந்து முடித்தார். அதற்குள் என் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தோல்விக்கு மூன்று மாதம் கழித்து ஒளிபரப்பான எபிசோடு அது. அன்று பார்த்த நியூயார்க்காரர்களுக்கு ஃபிராங்க் கோமாளியாகத் தெரிந்திருக்க மாட்டார். சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்!

இன்னொன்று. முதலில் ஃபிராங்காக நடித்தவர் ஜான் ராண்டால்ஃப். அடக்கமான அப்பா. அடுத்து வந்த நடிகர் ஜெர்ரி ஸ்டில்லரையும் அப்படித்தான் அடங்கி நடிக்கச் சொன்னார்கள். அது எடுபடவில்லை என்று உணர்ந்து ஒத்திகையில் மனைவியாக நடித்தவரைப் பார்த்துத் திருப்பிக் கத்தினார், அங்கேயே ஃபிராங்க் பிறந்துவிட்டார். ராண்டால்ஃப் வந்த காட்சிகளைப் பின்னால் ஸ்டில்லரை வைத்து மறுபடி எடுத்தார்கள்.

பத்து சென்ட்:

நான் இருப்பது மிச்சிகனில். அதனால் எனக்கு வேறு வழியில்லை, பாட்டில் எபிசோடுதான். நியூயார்க்கில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 5 சென்ட், இங்கே 10 சென்ட். அந்த வித்தியாசத்தில் லாபம் பார்க்கக் கிரேமரும் நியூமனும் திட்டம் போடுவார்கள். பெட்ரோல், சுங்கம், எல்லாம் போகக் கையில் ஒன்றும் நிற்காது. நியூமன் விடமாட்டார். அன்னையர் தினத்துக்கு முன்னால் வாழ்த்து அட்டைகள் குவியும், கூடுதல் தபால் லாரி ஒன்று மிச்சிகன் பக்கம் காலி இடத்தோடு போகும், வண்டிச் செலவு நம் தலையில் இல்லை என்று கண்டுபிடிப்பார். அந்தக் கணக்குப் போடும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஐன்ஸ்டைனுக்குக்கூட அப்படி ஒரு களை வந்திருக்காது.

இங்கே வந்த புதிதில் பாட்டில் திருப்பிக் கொடுக்கும் அறைக்குள் முதல்முதலாகப் போனபோது எனக்குள் ஓடியது அந்த எபிசோடுதான். தரையில் செருப்பு ஒட்டும், பழைய பியர் நாற்றம் குப்பென்று அடிக்கும். மெஷினின் ஓட்டையில் பாட்டிலைப் படுக்கவைத்தால் அது உருட்டி உருட்டிப் பார்கோடைத் தேடும். பிடிக்காவிட்டால் மரியாதை இல்லாமல் வெளியே துப்பும். கடைசியில் பட்டனை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், அதைக் கல்லாவில் காட்டிக் காசு வாங்கிக்கொள்ளலாம்.

ரசிகர்களுக்கு ஒரு கசப்பான தகவல். வெளி மாநிலத்துப் பாட்டிலைத் தெரிந்தே இங்கே கொண்டுவந்து காசு கேட்பது சட்டப்படி குற்றம். நம் மாநிலத்துப் பாட்டிலாகவே இருந்தாலும் ஒருவருக்கு ஒரு நாளில் 25 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. நியூமன் லாரியோடு வந்து சேர்ந்திருந்தாலும் பாடு திண்டாட்டம்தான். அவர் வந்தே சேரவில்லை என்பது வேறு விஷயம்.

அதே எபிசோடில் யாரும் சொல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறேன். மெக்கானிக் டோனி, அதாவது பிராட் காரெட். ஜெர்ரி காரைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று மனம் பொறுக்காமல் காரையே கடத்திக்கொண்டு போகிற ஆள். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை உயிராகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று மாடிப்படி நண்பர் சொன்னதற்கு இவரைவிட நல்ல சாட்சி யார்?

சாய்வு நாற்காலி:

எலேனின் காதலர் டேவிட் பட்டி. விமானத்தில் படிக்கப் புத்தகம் இல்லை, தூங்கவும் இல்லை, முன் சீட்டின் முதுகையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வருவாரே, எலேனுக்குக் கொலைவெறி வருமே, அது போதும் எனக்கு. பட்டியாக நடித்த பேட்ரிக் வார்பர்ட்டன் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார்.

நீண்ட விமானப் பயணத்தில் என் பக்கத்துச் சீட்டில் ஒரு பட்டி வந்து வாய்த்தார். எதிரே திரை அணைந்திருந்தது. பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது நல்ல பயணம் என்றார்.

தபால்பெட்டி எண் மாறியவன்:

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் சிரிக்க முடியாத ஒருவரைச் சொல்கிறேன். பாகிஸ்தான்காரர் பாபு பட்.

1991ல் வந்த முதல் கதையில் ஜெர்ரி வீட்டுக்கு எதிரே சின்ன உணவகம் வைத்திருப்பார். கலவையாக எல்லா நாட்டுச் சாப்பாடும் போடுவார். ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் கடையைப் பார்த்து ஜெர்ரிக்கு இரக்கம் வந்துவிடும். முழுக்கப் பாகிஸ்தானி உணவகமாக மாற்றச் சொல்லி யோசனை கொடுப்பார். இருந்த காசையெல்லாம் போட்டு மாற்றுவார் பாபு. அப்போதும் யாரும் வரமாட்டார்கள். கடை போய்விடும். இரண்டாவது கதை 1993ல். இதற்குள் ஜெர்ரி அவருக்குத் தன் கட்டிடத்திலேயே வீடும், வழக்கமாக உட்காரும் காபிக்கடையில் வேலையும் பிடித்துக் கொடுத்திருப்பார். பாபுவின் விசா புதுப்பிப்புத் தபால் தவறிப்போய் ஜெர்ரியின் தபாலோடு கலந்துவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். பாபுவை நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

விசாக் கவலை இல்லாத காலத்தில் இதைப் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். எச்1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகு ஒரு ராத்திரி இதே எபிசோடு ஓடியது. என் நீட்டிப்பு விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. வக்கீல் அலுவலகம் அனுப்பியதாகச் சொன்ன கடிதம் வந்து சேரவில்லை. எபிசோடைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப்போனேன். எங்கள் கட்டிடத்தில் தபால்பெட்டிகள் வரிசையாகச் சுவரில் பதித்திருக்கும், எண் அழிந்துபோன பெட்டிகளும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவர் கதவையும் தட்டிக் கேட்டேன். கடிதம் எனக்கு நேர் மேல் வீட்டில், பீட்சா விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. அந்த அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டு, முக்கியமா என்று கேட்டார்.

விரலை ஆட்டி ஆட்டி ஜெர்ரியைக் கெட்டவன் என்று பாபு சொல்வதை எல்லாரும் ஜோக்காக நடித்துக் காட்டுகிறார்கள். அந்தத் தொடரில் யாராவது ஜெர்ரியை நேருக்கு நேர் சரியாக எடைபோட்டார்கள் என்றால் அது அவர்தான். இது என் கட்சி.

மாடிப்படி நியூமன்:

நண்பரே, படித்து முடித்ததும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். அந்தத் தபாலைத் தவறான பெட்டியில் போட்டது யார் என்று ஆராய நான் தயாராக இல்லை. நியூமன் என் ஆள்.

அலமாரிக்காரர்:

சூப் கடைக்காரரை இன்னும் யாரும் எடுக்கவில்லையே? 1995 நவம்பரில் ஒரே எபிசோடு, கடைசி எபிசோடில் ஒரு தலைகாட்டல், அவ்வளவுதான். அதற்கே அவராக நடித்த லாரி தாமஸுக்கு எம்மி விருதுப் பரிந்துரை கிடைத்தது. மன்ஹாட்டன் 55வது தெருவில் நிஜமாகவே இருந்த ஒரு சூப் கடையை வைத்து எழுதிய பாத்திரம். தொடர் கொடுத்த 'சூப் நாஜி' என்ற பட்டப்பெயர் நிஜக் கடைக்காரருக்குப் பிடிக்கவே இல்லை. நியாயம்தான், யாருக்குப் பிடிக்கும்?

அவரைக் கொடுமைக்காரராகவே எல்லாரும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அலமாரியை மறந்துவிடுகிறீர்கள். எலேன் வாங்கிய பழைய அலமாரி தெருவில் திருடுபோகிறது. கிரேமர் சொன்னதைக் கேட்டு, தன்னிடம் சும்மா கிடந்த ஒன்றைக் காசு வாங்காமல் தூக்கிக் கொடுக்கிறார் இவர். ஏன்? கிரேமர் சூப்பை மதித்துக் குடிப்பவர். வரிசையில் நின்று மேஜையில் தாளம் போட்டு, உங்களைப் பார்த்தால் யாரோ ஒரு நடிகர் மாதிரி இருக்கிறது என்று அரட்டை அடித்தவள் எலேன். அலமாரி அவளுக்குத்தான் என்று தெரிந்திருந்தால் கோடாலியால் வெட்டிப் போட்டிருப்பேன் என்கிறார். சமையல் மேல் அப்படி ஒரு வெறி. கடைசியில் அந்த அலமாரி இழுப்பறையில் கிடந்த குறிப்புகளை வைத்தே அவள் கடையை மூடவைக்கிறாள். தர்மம் செய்தவருக்குக் கிடைத்த கூலி.

மன்ஹாட்டனில் வேலை பார்த்தபோது மதியம் நான் போன ஒரு சின்னக் கடையில் (பெயர் வேண்டாம்) கிட்டத்தட்ட இதே ஒழுங்கு. யாரும் போர்டு வைக்கவில்லை. ஆனால் முறை வருவதற்குள் என்ன வேண்டும் என்று முடிவுசெய்து, சில்லறையைக் கையில் வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்த ஒருவர் இன்றைக்கு எது நன்றாக இருக்கும் என்று கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கும், அடுத்தவர் என்றார் கடைக்காரர். நான் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டேன். அந்த மனுஷனின் குழம்பு அப்படி!

லியோ மாமாவின் மருமகள்:

லியோ மாமாவை விட்டுவிட்டு எப்படி முடிப்பீர்கள்? ஜெர்ரியின் அம்மாவுக்கு அண்ணன் தம்பி முறை. தெருவில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார், தோட்டப் பூங்காத் துறையில் இருக்கும் மகன் ஜெஃப்ரியின் புராணம்தான். அந்த ஜெஃப்ரியை நாம் பார்த்ததே இல்லை. லியோவாக நடித்த லென் லெஸ்ஸர் பிடிக்கும் பிடியைக் கவனியுங்கள், முழங்கைக்கு மேலே. அங்கே பிடித்தால் ஆள் தப்பிக்க முடியாது. எனக்குத் தெரிந்த மாமாக்களும் அங்கேதான் பிடிக்கிறார்கள்.

அப்புறம் கிரேமரின் வக்கீல் ஜாக்கி சைல்ஸ் பெயரை இதுவரை யாருமே எடுக்காதது அநியாயம், அக்கிரமம், அட்டூழியம்! கிரேமர் மேல் சூடான காபி கொட்டிய வழக்கில் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வருகிறது. ஊர் உலகம் முழுக்க எங்கள் கடைகளில் உங்களுக்கு இலவசக் காபி, அதோடு என்று அவர்கள் ஆரம்பித்ததுமே கிரேமர் துள்ளி எழுந்து சரி என்று கைகொடுத்துவிடுகிறார். அந்த "அதோடு"வுக்குப் பின்னால் 50,000 டாலர் இருந்தது. சைல்ஸாக நடித்த ஃபில் மாரிஸ் அந்த நொடியில் கிரேமரைப் பார்க்கிற பார்வையை மட்டும் நான் தனியாக நிறுத்தி வைத்துப் பார்ப்பேன். இவ்வளவுக்கும் பிறகு கடைசி எபிசோடில் அதே நால்வருக்காக வாதாட வருகிறார் பாருங்கள். ஃபீஸை முன்கூட்டியே வாங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.