கலைச்சொல் விவாதம்: அமர்வின் நடுவே ‘நான் நானா இல்லாத மாதிரி’

பொருள்: டிசோசியேஷன் (நினைவும் உணர்வும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துபோவது), டிபெர்சனலைசேஷன் (தான் தானல்லாதது போன்ற உணர்வு), டிரியலைசேஷன் (சூழல் நிஜமல்லாதது போன்ற உணர்வு), கிரவுண்டிங் (ஆளை இந்த நேரத்துக்கும் இடத்துக்கும் திரும்பக் கொண்டுவருவது)

அன்பின் நண்பர்களே,

உளச்சிகிச்சைக்கு வருபவர்களின் கையில் கொடுப்பதற்காக ஒரு கையேடு தமிழாகிறது. கடுமையான நினைவுகளைப் பேசும்போது உடம்பு மரத்துப்போகலாம், எதிரே இருப்பவரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கலாம், அறை திரையில் ஓடும் படம்போலத் தட்டையாகத் தெரியலாம். இதற்கெல்லாம் ஆளை முன்கூட்டியே தயார்செய்யும் அத்தியாயத்தில் தலைப்பில் உள்ள நான்கு சொற்களும் திரும்பத் திரும்ப வருகின்றன.

இணையத்தில் கிடைப்பவை உதவவில்லை. டிசோசியேஷனுக்கு ‘விலகல்’, டிபெர்சனலைசேஷனுக்கு ‘ஆள்மாறாட்டம்’ என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். ஆள்மாறாட்டம் என்பது ஒருவர் பெயரில் இன்னொருவர் தேர்வெழுதும் குற்றம். நோயாளியின் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்க முடியாது.

என் முன்மொழிவு: உளப்பிரிகை, தன்னந்நியம், சூழலந்நியம், காலூன்றல். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல்) நடுவில் உள்ள இரண்டையும் ஒரே கோளாறாகச் சேர்த்துவிட்டது. ஆகவே அவை இணைச்சொற்களாக அமைய வேண்டும் என்று நினைக்கிறேன்.

— மொழிபெயர்ப்பாளர், சென்னை

*

வணக்கம்.

‘உளப்பிரிகை’ நல்ல சொல். பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே 1889இல் பிரெஞ்சில் எழுதியபோது கையாண்டதும், சேர்ந்திருந்தது கூறுகூறாகப் பிரிவதைக் குறிக்கும் சொல்தான். பிரிகை மறதி, பிரிகைக் கோளாறு என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. வேதியியலில் அயனிப் பிரிகை இருக்கிறது. துறை வேறு என்பதால் இடிக்காது.

‘விலகல்’ மட்டும் வேண்டாம். குடியை நிறுத்தியவருக்கு வரும் கைநடுக்கத்தையும் வியர்வையையும் விலகல் அறிகுறிகள் என்றுதான் எழுதுகிறோம். அதே ஆளுக்கு உளப்பிரிகையும் இருக்கலாம். ஒரே கோப்பில் ஒரே சொல் இரண்டு பொருளில் நின்றால் அடுத்து அந்தக் கோப்பைப் பார்ப்பவர் தவறாகப் படிப்பார்.

‘அந்நிய’த்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்நியமாதல் என்றால் இலக்கிய விமர்சனம் படித்தவர்களுக்கு மார்க்ஸ்தான் நினைவுக்கு வருவார். அதைவிடப் பெரிய சிக்கல், அமர்வின் நடுவே அதைச் சொல்ல முடியாது. இந்தச் சொற்கள் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று பாருங்கள். பேசிக்கொண்டிருந்தவரின் பதில்கள் சுருங்குகின்றன. பார்வை சுவரில் ஒரு புள்ளியில் நிலைகுத்துகிறது. கண் சிமிட்டுவது குறைகிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளி நீள்கிறது. அந்த நேரத்தில் சிகிச்சையாளர் செய்ய வேண்டியவை:

முதலில் நினைவைப் பற்றிய பேச்சை நிறுத்த வேண்டும். ‘இப்ப என்ன தோணுது?’ என்று கேட்டால் ஆள் இன்னும் உள்ளேதான் போவார். கண்ணைத் திறந்து வைக்கச் சொல்லி, குரலைச் சற்று உயர்த்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். தொட்டு எழுப்பக் கூடாது. தொடுகையே பழைய சம்பவத்தின் பகுதியாக இருந்திருக்கலாம். பிறகு பார்ப்பவை ஐந்து, தொடுபவை நான்கு, கேட்பவை மூன்று, வாசனை இரண்டு, சுவை ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லவைக்கலாம். அது ஓடவில்லையென்றால் எழுந்து நிற்கச் சொல்வது, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுப்பது.

பலரும் தவறுவது மூச்சில்தான். ‘நல்லா ஆழமா மூச்சு இழுங்க’ என்றால் ஆள் வேகவேகமாக இழுப்பார். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மதமதவென்று ஆகி, எதைத் தணிக்கப் பார்த்தோமோ அதுவே கூடும். நான்கு எண்ணும் நேரம் இழுத்து ஆறு எண்ணும் நேரம் விடுவது போதும்.

இத்தனைக்கும் இடையில் சிகிச்சையாளர் சொல்லக்கூடியது ஒரு சிறு வாக்கியம்தான்: ‘இது மங்கல். நாம முன்னாடியே பேசினது. போயிடும்.’ ஆகவே தன்னுணர்வு மங்கல், சூழலுணர்வு மங்கல் என்று முன்மொழிகிறேன். கோப்பில் முழுச்சொல்லும் அமர்வில் ‘மங்கல்’ மட்டும் வரலாம். இந்தச் சொல் யாரையும் பயமுறுத்தாது. ‘சிதைவு’ வருகிற எந்தச் சொல்லும் மனச்சிதைவு நோயை நினைவூட்டும்; ‘எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ’ என்ற பயம் இவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

— மருத்துவ உளவியலாளர், மதுரை

*

வணக்கம். மதுரையிலிருந்து எழுதியவருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். இரண்டு மறுப்புகள் உண்டு.

ஒன்று, புலன்கள் எப்போதும் மங்குவதில்லை. மின்விசிறியின் சத்தம் காதைக் குத்துவதும், குழல்விளக்கின் வெளிச்சம் தாங்க முடியாமல் போவதும் அதே அமர்வில் நடக்கும். சிலருக்கு முதலில் எல்லாம் கூர்மையாகி, பிறகு ஒரேயடியாக மரத்துப்போகும். பொருள்கள் சிறுத்தோ பெருத்தோ தெரிவதும், தன் கை நீண்டுவிட்டதாகத் தோன்றுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சேர்த்து ‘புலன்மாற்றம்’ என்ற நடுநிலைச் சொல் தேவை. அதன் கீழ் மங்கல், கூர்த்தல், திரிபு என மூன்று வைக்கலாம். கூர்த்தலை மங்கல் என்று எழுதிவிட்டால் கையாளும் முறையும் தவறும். கூர்ந்திருப்பவருக்கு வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைக்க வேண்டும். மங்கியிருப்பவருக்கு அறையை இருட்டாக்கினால் அவர் இன்னும் ஆழப் போவார்.

மற்றது ‘காலூன்றல்’. அழகான சொல்தான். ஆனால் இங்கே யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைக்கு வருபவர்களில் மிதிவெடியிலும் செல்வீச்சிலும் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ‘காலை நிலத்தில் ஊன்றுங்கோ’ என்பதை அவர்களுக்குச் சொல்லேலாது. ‘ஊன்றல்’ என்று மட்டும் வைப்போம். கையைக் கதிரையில் ஊன்றலாம், முதுகைச் சுவரில் ஊன்றலாம்.

மணத்தைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி வேண்டும். ஊன்றலுக்குக் கூர்மையான மணம் நல்ல கருவி. தேசிக்காய் (எலுமிச்சை) தோலைக் கிள்ளி முகர்வது பெரும்பாலும் பிழைக்காது. மண்ணெண்ணெய், புகை, டெட்டால் போன்றவை மனவடுவை நேரே கிளறிவிடும். கற்பூரமும் சாம்பிராணியும் வேண்டாம். உருவந்து (சாமி வந்து) ஆடும் வழக்கமுள்ள குடும்பத்தவருக்கு அவை வேறொரு நிலைக்குள் போவதற்கான அழைப்பு. எந்த மணம் ஆகும், எது ஆகாது என்பதை முதல் அமர்விலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

இங்கே ஆட்கள் ‘விறைச்சுப் போச்சு’ என்றுதான் சொல்வார்கள். உடல் மரத்தலுக்குக் கையேட்டில் ‘விறைப்பு’ என்று போடலாமா என்றும் யோசித்தேன். தமிழ்நாட்டில் அதைத் தசை இறுக்கமாக எடுத்துக்கொள்வார்கள். ‘மரத்தல்’ இரண்டு பக்கமும் விளங்கும்.

— உளவளத்துணையாளர், யாழ்ப்பாணம்

*

அனைவருக்கும் வணக்கம்.

‘மங்கல்’, ‘ஊன்றல்’, ‘புலன்மாற்றம்’ மூன்றையும் ஆதரிக்கிறேன். வரையறையில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. ‘கை என் கை மாதிரி இல்ல’, ‘கனவு மாதிரி இருக்கு’, ‘உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி’ என்று வருபவர்கள் சொல்லும் எல்லாவற்றிலும் ஒரு ‘மாதிரி’ இருக்கிறது. அந்த ‘மாதிரி’ இருக்கும்வரை, இது தன் உணர்வில் நேர்ந்த மாற்றம் என்று அவருக்குத் தெரிகிறது. ‘இது என் கை இல்லை, வேறு யாரோ மாற்றிவைத்துவிட்டார்கள்’ என்று உறுதியாகச் சொன்னால் அது மங்கல் அல்ல. மனப்பிறழ்வுக்கான மதிப்பீடு வேண்டும். ஆகவே வரையறையை ‘தான் தானல்லாதது போன்ற உணர்வு’ என்றே எழுதுங்கள். ‘போன்ற’ என்பதைப் பிழைதிருத்துபவர் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமர்வில் நடப்பதெல்லாம் உளப்பிரிகையும் அல்ல. ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே வரிசையில், சில நொடி முதல் ஓரிரு நிமிடம்வரை வந்து, கருகல் வாசனை, வாயை மெல்லுதல், பின்னால் குழப்பம் என்று இருந்தால் பொட்டுமடல் வலிப்பை (மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் வலிப்பு) நினைத்து நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பார்வையில் நெளியும் ஒளிக்கோடு வந்து தலைவலியில் முடிந்தால் ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியாக இருக்கலாம். வெறும் வயிற்றோடு வந்த சர்க்கரை நோயாளியாக இருந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். கஞ்சா பழக்கத்தையும் கேட்க வேண்டும். 40 வயதுக்குப் பிறகு மங்கல் முதன்முறையாக வந்தால் உடல்நோய்க் காரணம் தேடாமல் விடக் கூடாது. மங்கல் கோளாறு பெரும்பாலும் பதின்பருவத்திலேயே தொடங்கிவிடும்.

உளப்பிரிகையை மதிப்பிட 1986இல் வெளியான 28 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. நூற்றுக்குச் சராசரி 30ஐத் தாண்டினால் விரிவான நேர்காணல் தேவை. எண்ணை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. அதில் வரும் ‘நினைவு’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ‘நினைவு தப்பியது’ என்றால் நம் ஊரில் மயக்கம் என்றுதான் பொருள். மறதியைக் கேட்கும் இடத்தில் ‘ஞாபகம்’ என்று போட்டால் சரியான பதில் கிடைக்கும்.

— மனநல மருத்துவர், கோயம்புத்தூர்

*

நண்பர்களே, மிக்க நன்றி. தன்னந்நியம், சூழலந்நியம், காலூன்றல் மூன்றையும் விட்டுவிடுகிறேன். கையேட்டின் அந்தப் பக்கத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

“கடினமான நினைவைப் பேசும்போது உங்கள் புலன்கள் மாறலாம். உடம்பு மரத்ததுபோல, நீங்கள் நீங்களல்லாததுபோல இருந்தால் அது தன்னுணர்வு மங்கல். குரல் தூரத்தில் கேட்பதுபோல இருந்தால், அறையும் ஆட்களும் நிஜமல்லாததுபோலத் தெரிந்தால் அது சூழலுணர்வு மங்கல். இரண்டும் சேர்ந்தும் வரும். பேச முடியாவிட்டால், முதலிலேயே பேசிவைத்தபடி கையை உயர்த்துங்கள். பேச்சு அங்கேயே நிற்கும், ஊன்றல் தொடங்கும். அமர்வின் கடைசிக் கால்மணி நேரத்தில் நினைவுகளைக் கிளற மாட்டோம். மங்கல் முழுக்கத் தெளியும்வரை வண்டி ஓட்டாதீர்கள்; காத்திருக்கும் அறையில் உட்காருங்கள்.”

மூலத்தில் ‘கண்களை மூடித் தளர்வாக இருங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. மங்கல் வரும்போது அது எதிர்வேலை செய்யும் என்பதால் ‘கண்களைத் திறந்து வையுங்கள்’ என்று மாற்ற மூல ஆசிரியர்களிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். ‘கூர்த்த’லுக்கு மட்டும் அமர்வில் சொல்ல எளிய பேச்சுச் சொல் இன்னும் அமையவில்லை. ‘எல்லாம் குத்துது’ என்று வருபவர்கள் சொல்வதையே எடுத்து ‘குத்தல்’ என்று வைத்தால் வலி என்று புரிந்துகொள்வார்களோ? கருத்துச் சொல்லுங்கள்.

— மொழிபெயர்ப்பாளர், சென்னை