கைப்பேசிக்குள் இருக்கும் சொத்து: குடும்பத்தில் இறப்புக்குப் பின் உறுப்பினர்கள் கண்டவை

மேற்கு மாம்பலத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

என் மாமனார் சென்ற ஆண்டு காலமானார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், வீட்டுப் பத்திரம், ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகள், வைப்புநிதி ரசீதுகள் ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். மாநகராட்சியின் இறப்புச் சான்றிதழும் வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழும் கைக்கு வந்தபின் அவற்றில் எந்தச் சிக்கலும் எழவில்லை. பெட்டிக்குள் இல்லாதவைதான் எங்களைத் திணறடித்தன. கடைசிச் சில ஆண்டுகளில் அவர் பங்குகளையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் கைப்பேசி வழியாகவே வாங்கியிருந்தார். அறிக்கைகள் எல்லாம் மின்னஞ்சலுக்கே சென்றன. தபாலில் ஒரு காகிதமும் வராத நிலையில், கடவுச்சொல் தெரியவில்லை என்பதைவிட, என்னென்ன கணக்குகள் இருக்கின்றன என்பதே தெரியவில்லை என்பதுதான் பெரிய இடராக இருந்தது.

வழி கிடைத்தது வருமான வரித் துறையின் இணையதளத்தில். இறந்தவரின் கடைசி ஆண்டு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சட்டப்படியான வாரிசு அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். என் மாமியார் பெயரில் அவ்வாறு பதிவு செய்தபின், மாமனாரின் பான் எண்ணுக்குரிய ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பார்க்க முடிந்தது. எந்த வங்கி வட்டி கொடுத்தது, எந்த நிறுவனம் ஈவுத்தொகை அனுப்பியது, எந்த ஃபண்டில் பரிவர்த்தனை நடந்தது என்பவை அதில் இருந்தன. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கு ஒன்று, நாங்கள் அறியாதது, அப்படித்தான் தெரியவந்தது. யாருடைய கடவுச்சொல்லையும் ஊகிக்காமல், சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசலிலேயே இவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பலரும் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

மாதக் கட்டணம் வீண் என்று உறவினர் ஒருவர் மாமனாருடைய கைப்பேசி இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார், நாங்கள் இணங்கவில்லை. தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாத எண் முடக்கப்படலாம், பிறகு வேறொருவருக்கும் வழங்கப்படலாம். ஓடிபி அனைத்தும் அந்த எண்ணுக்கே வருவதால், இறப்புச் சான்றிதழைக் கொடுத்து இணைப்பை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. ஆனால் ஓடிபி வருகிறது என்பதற்காக இறந்தவரின் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் பணத்தை எடுக்கக் கூடாது. வங்கியிடம் உரிமை கோரித்தான் பெற வேண்டும்; இல்லையெனில் மற்ற வாரிசுகளுக்குப் பதில் சொல்லும் நிலை வரும்.

பெரம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மறைந்த என் அண்ணன் கோயில் கல்வெட்டுகளின் படங்களைத் தொகுத்து ஓர் இணையதளம் நடத்திவந்தார். விவரம் தெரிந்தவர் என்பதால், கூகுளின் செயலற்ற கணக்கு மேலாளர் வசதியில் என்னை நம்பகமான தொடர்பாளராகச் சேர்த்திருந்தார். கணக்கு எவ்வளவு காலம் அசைவற்று இருந்தால் தகவல் தர வேண்டும் என்பதை 3 மாதம் முதல் 18 மாதம் வரை நாமே வகுத்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 10 பேரைச் சேர்க்கலாம். அவர் ஓராண்டு என்று வைத்திருந்தார். அந்த ஓராண்டு முடிந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. படங்களும் கோப்புகளும் குறைவின்றிக் கிடைத்தன. ஆயினும் அதற்குள் தளத்தின் முகவரிக்கான ஆண்டுச் சந்தா காலாவதியாகி, அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டிருந்தார்கள். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் அத்தனையும் யாரும் திறக்காத அதே அஞ்சல்பெட்டியில் கிடந்தன. ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியவற்றை வைத்திருப்பவர்கள் காத்திருப்புக் காலத்தை 3 மாதமாகவே வைப்பது நல்லது என்பது என் கருத்து.

ஐபோன் வைத்திருப்போருக்கு ஆப்பிள் 2021 டிசம்பரிலிருந்து மரபுத் தொடர்பாளர் வசதியை, அதாவது தாம் மறைந்தபின் தம் தரவுகளைப் பெறுபவரை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியை, வழங்குகிறது. அணுகல் குறியீடும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் படங்களும் குறிப்புகளும் கிடைக்கும். சேமித்து வைத்த கடவுச்சொற்கள் கிடைக்கமாட்டா.

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் உறுப்பினர்:

உயர் நீதிமன்றத்தை ஒட்டிய எங்கள் அலுவலகத்துக்கு உயில் எழுத வருவோரில் சிலர், கடவுச்சொற்களையும் அதிலேயே எழுதிவிடலாமா என்று கேட்பதுண்டு. வேண்டாம் என்றே சொல்கிறோம். பதிவு செய்த உயிலாயின், எழுதியவர் மறைந்தபின் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் கிடைக்கும். உயிலை நீதிமன்றம் உறுதிப்படுத்தும் புரொபேட்டுக்காக நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாலும் பலர் கண்ணில் படும். மேலும், கடவுச்சொல் மாறும்போதெல்லாம் இரண்டு சாட்சிகளை அழைத்து உயிலைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. உயிலில் மின்னணுக் கணக்குகள் யாருக்குச் சேர வேண்டும், அவற்றைக் கையாளும் அதிகாரம் எந்த நிறைவேற்றாளருக்கு என்பது மட்டும் இருக்கட்டும். கணக்குகளின் பட்டியல் தனியே ஓர் உறையில் இருக்கட்டும்.

கிரிப்டோ நாணயம் வைத்திருந்த இளைஞர் ஒருவர், தம் வாலட்டைத் (மின்னணுப் பணப்பை) திறக்கும் மீட்புச் சொற்களை மின்னஞ்சல் வரைவில் சேமித்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார். வாங்கி விற்கும் நிறுவனமான எக்ஸ்சேஞ்சில் இருப்பதை வாரிசு ஆவணம் காட்டிக் கேட்கலாம். சொந்த வாலட்டில் இருப்பதற்கோ அந்த 12 அல்லது 24 சொற்களைத் தவிர வேறு சாவியும் இல்லை, முறையிட அலுவலகமும் இல்லை. காகிதத்தில் எழுதி லாக்கரில் வைக்கச் சொல்லி, அந்த லாக்கருக்கும் நியமனதாரரைக் (நாமினி) குறிக்கச் சொன்னோம். இன்னொருவர் உயிலைக் காணொளியாகப் பதிவு செய்து டிரைவில் வைத்திருந்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தன் வரம்பிலிருந்து உயிலை விலக்கியிருப்பதால், காகிதமும் கையொப்பமும் இரு சாட்சிகளும் இன்றும் தேவை.

நியமனதாரர் என்றால் உரிமையாளர் என்று எண்ணுவோர் இன்னும் நிறையப் பேர். பங்குகளில் நியமனதாரர் வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவரே என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மகனை நாமினியாகப் போட்டுவிட்டு, உயிலில் மகளுக்கு எழுதிவைத்தால் சண்டையை நாமே நட்டு வைத்ததாகும்.

மேற்கு மாம்பலம் உறுப்பினரின் பதில்:

ஐயா, தங்கள் விளக்கத்துக்கு நன்றி. அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் நியமனதாரரைச் சேர்க்கும் வசதியை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டுகிறேன். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் ஏற்பாட்டின்படி 2025 ஏப்ரல் முதல் டிமேட், மியூச்சுவல் ஃபண்டு அறிக்கைகளை அதில் பெற்றுவைக்கலாம்; கணக்குடையவர் மறைந்தால் நியமனதாரர் அவற்றைப் பார்க்க மட்டும் முடியும். என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அதுவே போதும். என் மாமியாருக்கு இதை அமைத்துக் கொடுத்தோம். அவர் கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்திலும் தம் கைப்பட எல்லாக் கணக்குகளையும் எழுதி, அதைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். கைப்பேசிப் பூட்டின் எண்ணை மட்டும் இப்போது யாருக்கும் சொல்வதாக இல்லை என்கிறார். அதில் எங்களுக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.