புதுப்பிப்பு: பக்கத்து வீட்டு நாய் அம்மாவைக் கடித்த விவகாரம்

பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் அம்மாவின் கெண்டைக்காலைக் கடித்தது, உரிமையாளர் கைவிரித்துவிட்டார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, போலீஸ் புகாரில் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 291-ஆம் பிரிவைக் குறிப்பிடச் சொன்னதுதான். வளர்ப்பு விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஷனில் முதலில் கேட்டது மருத்துவமனை ஓ.பி. சீட்டு, அதில் 'நாய்க்கடி' என்று எழுதி வாங்கிவிடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) போட்டதும் நாயின் உரிமையாளரே வந்து செலவைக் கொடுத்தார்.

எதிர்பாராதது, அந்த நாய்க்கு ரேபிஸ் ஊசியே போட்டதில்லை! ஆழமான கடி என்பதால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசி போட்டார்கள். அம்மா வலியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தடுப்பூசி 28-ஆம் நாள் வரை உண்டு, காயம் ஆறிவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.