மோட்டார் பிளேட்ல 7.5 ஆம்ப், ஓவர்லோட் ரிலேவ எதுல வைக்கிறது?

மோட்டார் வேலை தெரிஞ்ச அண்ணன்மாரு கொஞ்சம் சொல்லுங்க. மாவு மில்லுக்கு பழைய 3 பேஸ் மோட்டார் ஒண்ணு வாங்கிருக்கோம், பிளேட்ட மண்ணெண்ணெய் போட்டு தேச்சதுல 5 ஹெச்பி, 3.7 கிலோவாட், 415 வோல்ட், டெல்டா, 7.5 ஆம்ப், 1440 ஆர்பிஎம், இன்சுலேஷன் கிளாஸ் எஃப், டூட்டி எஸ்1 (நிக்காம தொடர்ந்து ஓட்டலாம்) இவ்ளோதான் தெரியுது, சர்வீஸ் ஃபேக்டர்னு (பிளேட் லோடுக்கு மேல எவ்ளோ தாங்கும்ங்கற அளவு) எதுவுமே இல்ல. 3.7ங்கறது ஷாஃப்ட்ல கிடைக்கிற பவர்னு தெரியும், பவர் ஃபேக்டர் 0.8 போட்டு பாத்தா உள்ள போறது 4.3 கிலோவாட் கிட்ட வருது, அதுல குழப்பமில்ல. பிரச்சனை என்னன்னா சாயங்காலம் வோல்டேஜ் 380க்கு இறங்கிடுது, அப்ப மிளகாய் அரைச்சா கிளாம்ப் மீட்டர் 8.2 காட்டுது, கொஞ்ச நேரத்துல ஓவர்லோட் ரிலே (கரண்ட் அளவுக்கு மேல போனா மோட்டார நிறுத்துறது) ட்ரிப் ஆயிடுது. எலக்ட்ரீசியன் ரிலேவ 9ல வைங்கறாரு (அவருக்கென்ன, வைண்டிங் கருகுனா காசு நம்மளுது). டிஓஎல் ஸ்டார்டர்தான் (முழு வோல்டேஜ நேரா மோட்டாருக்கு குடுக்குறது), அதனால ஸ்டார் டெல்டா ஸ்டார்டர்ல ரிலேவ பிளேட் ஆம்ப்ல 58 சதவீதத்துல வைக்கிற கணக்கு இங்க வராது. கிளாஸ் எஃப் 155 டிகிரி தாங்கும்ங்கறத நம்பி 8.2ல ஓட்டலாமா, இல்ல 7.5லயே வச்சிட்டு மோட்டார் புல்லிய சின்னதா மாத்தி லோட குறைக்கணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, பிளேட் போட்டோ கமெண்ட்ல போடுறேன்.