கையில் பிடித்துத் தின்னும் பருப்பு: சைவக் குழந்தைகளுக்கு இணை உணவு கொடுத்த அனுபவங்கள்

மயிலாடுதுறையிலிருந்து, ஒரு தாய்

எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்து சோறூட்டல் முடிந்ததும் முதலில் கொடுப்பது பருப்பு வெந்த தண்ணீர். அதற்குப் பிறகுதான் குழையப் பிசைந்த நெய்ப் பருப்பு சாதம் வரும். பருப்பு சாதத்தைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பும், பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசியும் ஈடுசெய்துகொள்கின்றன. ஆனால், தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் பருப்பைச் சாம்பாரில் போட்டுப் பெரியவர்கள் உண்பது எந்தக் கணக்கிலும் சரியாக வரவில்லை, ஏனெனில் புரதத்தின் பெரும்பகுதி அந்தப் பருப்பிலேயே தங்கிவிடுகிறது.

புரதத்தைப் பற்றிய கவலை உள்ளவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 அல்லது 11 கிராம் புரதம் போதும். தாய்ப்பால் 100 மி.லி.யில் ஏறத்தாழ 1 கிராம் புரதம் உள்ளது. நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்குத் தேவையில் பாதி அதிலேயே கிடைத்துவிடும். வேகவைக்காத பாசிப்பருப்பிலோ உளுத்தம்பருப்பிலோ 100 கிராமுக்கு 23, 24 கிராம் புரதம் இருப்பதால், 20 கிராம் பருப்பை, அதாவது ஒரு சின்னக் கைப்பிடியை, நாள் முழுவதற்கும் பிரித்துக் கொடுத்தாலே மீதித் தேவையின் பெரும்பகுதி நிறைந்துவிடுகிறது. டப்பாவில் விற்கும் மாவுகளை நாட வேண்டிய அவசியம் எங்களுக்கு வரவே இல்லை.

என் மகள் எட்டு மாதத்தில் கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். என் தட்டில் இருக்கும் இட்லியைப் பிடுங்கித் தானே தின்பாள். கையில் எடுத்துத் தின்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று புரிந்த பிறகு, பருப்பையே கையில் பிடிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று யோசித்தோம். அப்போது என் மாமியார்தான் பருப்புருண்டைக் குழம்புக்கு ஆவியில் வேகவைக்கும் உருண்டையை நினைவுபடுத்தினார். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையலில் தலைமுறைகளாக இருந்துவரும் பண்டம் அது. அதில் காரத்தையும் உப்பையும் நீக்கி வடிவத்தை மாற்றினால் குழந்தைக்கு ஏற்ற உணவாகிவிடுகிறது.

செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பதம் தவறினால் குழந்தை தொடாது. பாசிப்பருப்பு இரண்டு பங்கும் துவரம்பருப்பு ஒரு பங்கும் எடுத்து இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தண்ணீரை முற்றிலும் வடித்துவிட்டு, சிறிது சீரகமும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். பெரியவர்களுக்கு அரைப்பதைப் போலக் கொரகொரப்பாக விட்டால் வெந்தபின் உதிர்ந்து, குழந்தையின் தொண்டையில் துகள் துகளாக நிற்கும். அரைத்த விழுதுடன் குழைந்த சோறு ஒரு கரண்டியும், துருவிய சுரைக்காயோ கேரட்டோ, பொடியாக நறுக்கிய இளம் முருங்கைக்கீரையோ சேர்த்துப் பிசைந்து, பெரியவர் சுண்டுவிரல் அளவுக்கு நீளமாகப் பிடித்து இட்லித் தட்டில் கால் மணி நேரம் வேகவைக்கலாம். பருப்பு ஆறினால் இறுகும். ஆகவே, கொடுப்பதற்கு முன் அந்தத் துண்டுகளைச் சூடான பருப்புத் தண்ணீரிலோ கடைந்த தயிரிலோ சற்று நேரம் ஊறவிட்டால் பஞ்சு போல ஆகிவிடும். பருப்பு வெந்த தண்ணீரை வீணாக்காமல் பயன்படுத்த இதுவே தக்க வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

துண்டு ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஆறேழு மாதக் குழந்தை எதையும் உள்ளங்கையால் மூடித்தான் பிடிக்கும்; கைக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியைத்தான் அதனால் கடிக்க முடியும். ஒன்பது மாதம் நெருங்கும்போது பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொறுக்கக் கற்றுக்கொள்கிறது. அப்போது சிறு துண்டுகளுக்கு மாறலாம். எந்தத் துண்டாக இருந்தாலும் நம் இரண்டு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் எளிதாக நசுங்க வேண்டும். நசுங்காதது தட்டுக்குப் போகக் கூடாது.

உப்பைப் பற்றித்தான் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்களே, குழந்தை எப்படியம்மா தின்னும்?" என்று மாமியார் வருந்தினார். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம் என்றும், உணவில் இயல்பாக உள்ள உப்பே குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போதும் என்றும் குழந்தை மருத்துவர் நேரில் விளக்கியபின் அவரே முன்னின்று உப்பில்லாமல் செய்து கொடுக்கத் தொடங்கினார். பெரியவர்களின் கைப்பக்குவத்தையும் மருத்துவரின் சொல்லையும் எதிரெதிராக நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்துக்கொண்ட வீடுகளில் குழந்தை நன்றாகத் தின்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மன்னார்குடி அருகிலிருந்து, ஒரு தந்தை

சகோதரி எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டு உளுந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாங்கள் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் விதைத்துவிடுவோம். நெல் அறுத்தபின் வயலில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அவை விளைந்துவிடும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த 'ஆடுதுறை 3' உளுந்து இப்படி நெல் தரிசில் விதைப்பதற்கென்றே வந்த இரகம். காவிரிப் படுகையில் இவ்வளவு பருப்பு விளைந்தும், நம் குழந்தைகளின் தட்டில் பெரும்பாலும் சோறு மட்டுமே இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

என் மகனுக்கு இணை உணவு தொடங்கிய காலத்தில் புது உளுந்து வீட்டுக்கு வந்திருந்தது. நாம் வழக்கமாக அரைக்கும் இட்லி மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான் இருக்கும். அவனுக்காக என் மனைவி இரண்டு பங்கு இட்லி அரிசிக்குத் தோலுடன் கூடிய உளுந்து ஒரு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு என்று அரைத்துப் புளிக்கவைத்தார். உளுந்தை மட்டும் கூட்டினால் இட்லி பிசுபிசுத்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாசிப்பருப்பு சேரும்போது அந்தப் பசை குறைகிறது. இட்லியைத் தட்டையாக ஊற்றி, நீளவாக்கில் கீறி, நெய்யோ நல்லெண்ணெயோ தடவிக் கொடுத்தோம். ஊறவைப்பதாலும் புளிப்பதாலும் பருப்பு எளிதில் செரிக்கிறது, அதிலுள்ள இரும்புச்சத்தும் உடலில் கூடுதலாகச் சேர்கிறது.

அடையும் கொடுத்தோம். அடையை மொறுமொறுப்பாக வார்க்காமல் கனமாக ஊற்றி மூடிவைத்து வேகவிட்டு, காய்ந்த ஓரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். நடுப்பகுதி மட்டும் குழந்தைக்கு. உளுந்தங்களியை இந்த வயதில் கையில் கொடுப்பதை நான் விரும்பவில்லை. அது சத்தானதுதான், ஆயினும் உருட்டினால் வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும்.

திருவாரூர் மாவட்டத்திலிருந்து, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

இருவரும் எழுதியிருப்பது நன்றாக இருக்கிறது. வீடு வீடாகச் சென்று வந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

குழந்தை தலை நிமிர்ந்து, சிறு பிடிமானத்துடன் உட்காரத் தொடங்கியபின்தான் கையில் உணவு கொடுக்க வேண்டும். படுத்த நிலையிலோ, தூளியிலோ, இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் வேடிக்கை காட்டியபடியோ கொடுக்கக் கூடாது. தின்னும்போது குழந்தை சில நேரங்களில் ஓங்கரித்து, இருமி, முகம் சிவந்து உணவை முன்னே தள்ளும். அது கற்றுக்கொள்ளும் வழி. அப்போது வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினால் துண்டு உள்ளே போய்விடும். சத்தமே வராமல், அழவும் இருமவும் முடியாமல், உதடு நீலமாக மாறினால் அதுதான் ஆபத்து. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டி, பின் மல்லாத்தி மார்பெலும்பின் நடுவில் இரண்டு விரல்களால் ஐந்து முறை அழுத்தி, அடைப்பு நீங்கும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்; அதற்குள் வேறொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகப் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவும், தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

நவராத்திரியின்போது முழுக் கொண்டைக்கடலைச் சுண்டலைக் குழந்தையின் கையில் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்த்துத் தடுத்திருக்கிறேன். கொண்டைக்கடலை நல்ல உணவு. குழைய வேகவைத்து, தோலை உரித்து, ஒவ்வொன்றையும் விரலால் தட்டையாக நசுக்கித்தான் கொடுக்க வேண்டும். தை மாதத்தில் வரும் பச்சை மொச்சைக்கும் அதே முறைதான். முழு வேர்க்கடலை, முந்திரி, முறுக்கு, பொரி ஆகியவற்றை இந்த வயதில் தவிர்த்துவிடுங்கள். தேனை ஒரு வயது வரை நாக்கில் தடவவும் கூடாது, ஏனென்றால் அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

சைவக் குழந்தைகளுக்குப் புரதத்தைவிட எனக்குக் கவலை தருபவை இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும்தான். பிறக்கும்போது உடலில் இருந்த இரும்பு இருப்பு ஆறு மாதத்துக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராது. பருப்புத் துண்டின்மீது எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுவதும், உடன் கொய்யாவையோ தக்காளியையோ மசித்துக் கொடுப்பதும் உதவும். அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் 59 மாதம் வரை வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மருந்து கொடுக்கப்படுகிறது. மலம் கறுக்கிறது என்று பயந்து அதை அலமாரியிலேயே வைத்துவிடாதீர்கள்.

பி12 எந்தப் பருப்பிலும் இல்லை. பால், தயிர், பனீர் ஆகியவற்றில் ஓரளவு இருக்கிறது. ஒரு வீட்டில் தாய்க்குப் பாலும் தயிரும் பிடிக்காது. அவருடைய குழந்தை எட்டு மாதத்தில், கற்றிருந்த உட்காருதலையும் விட்டுவிட்டு, முகம் பார்த்துச் சிரிக்காமல் சோர்ந்து கிடந்தது. எடை சரியாக இருந்ததால் வீட்டில் யாரும் ஐயப்படவில்லை. மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து பி12 குறைபாடு என்று கண்டறிந்து, தாய்க்கும் குழந்தைக்கும் மருந்து கொடுத்தபின் குழந்தை மெல்லத் தேறியது. பாலூட்டும் தாய் சைவமாக இருந்தால் தம் பி12 அளவைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். தாயிடம் இருப்பதுதான் பாலில் வரும்.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவையும் பிடிகொழுக்கட்டையாக வேகவைத்துக் கையில் கொடுக்கலாம். அதில் ஏற்கெனவே வெல்லம் இருப்பதால் மேலும் இனிப்புச் சேர்க்க வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து, ஒரு பாட்டி

செவிலியர் அம்மா பனீரைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். ஒரு வயது வரை பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று என் மகள் உறுதியாக இருந்தாள். தயிராகவும் பனீராகவும் சிறிதளவு கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். கடையில் வாங்கும் பனீர் பேரனின் ஈறுகளுக்கு இரப்பர் போல இருந்தது. ஆகவே அரை லிட்டர் பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுத் திரித்து, வெள்ளைத் துணியில் வடித்துக் குளிர்ந்த நீரில் அலசினேன். பாரம் வைத்து இறுக்காமல், ஈரம் இருக்கும்போதே உள்ளங்கையால் தேய்த்துப் பிசைந்து, மசித்த பச்சைப்பயற்றுடன் சேர்த்து விரல் நீளத்தில் உருட்டினால், வாயில் வைத்ததும் கரைகிறது. அரை லிட்டரில் 75 முதல் 100 கிராம் வரை கிடைக்கும். குழந்தைக்குப் போக மீதியை வீட்டில் பயன்படுத்திக்கொள்ளலாம். சீரகத்தை வறுத்துப் பொடித்துத் தூவினால் உப்பில்லாத குறை தெரியாது.

வேதாரண்யம் பகுதியிலிருந்து, ஒரு தாய்

எங்கள் மணற்பாங்கான ஊரில் வேர்க்கடலை நன்றாக விளையும். ஒவ்வாமை வரும் என்று அஞ்சி மூன்று வயது வரை கடலையைக் கண்ணில் காட்டாத வீடுகள் இங்கும் உண்டு. லண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான 'லீப்' ஆய்வு, ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கும் சிறு வயதிலேயே கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தால் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று காட்டியது. கடுமையான கரப்பான் என்னும் தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டபின்தான் தொடங்க வேண்டும். நாங்கள் வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மாவாகப் பொடித்து, முதல் நாள் கால் தேக்கரண்டி மட்டும் தயிரில் கலந்து, பகல் வேளையில், வேறு புது உணவு எதுவும் சேர்க்காமல் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு மசித்த வாழைப்பழத்திலும் இட்லித் துண்டின்மீதும் அந்தப் பொடியைத் தூவிக் கொடுத்து வருகிறோம்.

மயிலாடுதுறையிலிருந்து, மீண்டும்

பயறு கொடுக்கத் தொடங்கியபின் மலத்தில் தோல் அப்படியே வருகிறது, செரிக்கவில்லையோ என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். குழந்தை சுறுசுறுப்பாக விளையாடி, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பயற்றின் தோல் நார்ச்சத்து என்பதால் அது முழுதாகச் செரிக்காது. பயற்றை முளைகட்டி, ஆவியில் குழைய வேகவைத்து, நசுக்கிக் கொடுத்தால் வாயுத் தொல்லையும் குறையும். பருப்பு கொடுக்கும் நாள்களில் கொதித்தாறிய தண்ணீரைச் சாப்பாட்டுடன் சிறு கிண்ணத்தில் இரண்டு மூன்று வாய் பருகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கோ, இரத்தம் கலந்த மலமோ, உடலில் தடிப்போ தெரிந்தால் மட்டும் அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.