இர்குட்ஸ்க்கில் சாமியாராக இருக்கும் மகனைப் பார்க்கப் போனோம்

கேட்டவர்: ஒரு தங்கை, தூத்துக்குடி

என் அண்ணன் போன வருடம் கத்தோலிக்கக் குருப்பட்டம் வாங்கினான். சபையில் அவனை ரஷ்யாவுக்கு அனுப்பப் போகிறார்கள். செய்தி வந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் அங்கே பணி செய்ய, போய்ப் பார்த்துவிட்டு வந்த பெற்றோர் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பதில்: ஒரு அம்மா, கன்னியாகுமரி மாவட்டம்

மகளே, உன் அம்மா படும் பாட்டை நானும் பட்டிருக்கிறேன். என் இளைய மகன் இர்குட்ஸ்க்கில் இருக்கிறான். சைபீரியாவில், பைக்கால் ஏரிக்குப் பக்கத்து நகரம். 2023 கிறிஸ்துமஸுக்கு நானும் அவன் அப்பாவும் அங்கே போய் வந்தோம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

நாங்கள் கடற்கரைக்காரர்கள். அவருக்குக் கடல் தொழில், நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை பூசை வைத்தாலும் ஆட்கள் வெளியே பந்தலில் நிற்பார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், பூசைக்கு ஐம்பது அறுபது பேர் வருகிற ஊரில் போய் எதற்கு இருக்க வேண்டும்? நம் ஊரில் சாமியார் இல்லாத பங்குகள் இல்லையா? குளிர், சாப்பாடு எல்லாம் எனக்கு அப்புறம்தான். இந்தக் கேள்விதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி, அங்கிருந்து மாஸ்கோ, பிறகு இன்னும் ஆறு மணி நேரம் கிழக்கே திரும்பிப் பறக்க வேண்டும். இர்குட்ஸ்க்கில் இறங்கியபோது வெளியே மைனஸ் 27. மூச்சு விட்டால் மூக்கு முடி விறைக்கிறது. மகன் இரண்டு பெரிய கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், பங்கு மக்கள் கொடுத்தனுப்பியவை. என்னுடைய கோட்டுப் பையில் யாரோ ஒரு ஜோடி கம்பளிக் கையுறையும் ஒரு மிட்டாயும் வைத்திருந்தார்கள். அது யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

அந்த மறைமாவட்டத்தின், அதாவது ஒரு ஆயரின் (பிஷப்பின்) பொறுப்பில் இருக்கும் பகுதியின், பரப்பைக் கேட்டால் தலை சுற்றும். ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோமீட்டர், இந்தியாவைப் போல மூன்று மடங்கு. பசிபிக் கடலோரம் வரை, கம்சாட்கா, சகாலின் எல்லாம் இந்த ஒரே ஆயரின் கீழ். உலகத்திலேயே பரப்பில் மிகப் பெரிய மறைமாவட்டம் இதுதான். 2002-இல் இங்கே ஆயராக இருந்த போலந்துக்காரரை விமான நிலையத்திலேயே விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகன் இதைச் சொன்னபோது அவன் அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இருக்கும் பேராலயம் புதியது, 2000-இல் அபிஷேகம் ஆனது. பழைய கோயில் நகரின் நடுவே, சிவப்புச் செங்கல்லில் கூர்கோபுரத்தோடு நிற்கிறது. 1863-இல் ரஷ்யப் பேரரசரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து நாடு கடத்தப்பட்ட போலந்து மக்கள் இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கான கோயில் அது, 1880-களில் எழும்பியது. சோவியத் காலத்தில் கைவிட்டுப் போய், இன்றும் அது அரசின் ஆர்கன் இசைக்கூடம்தான். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். கச்சேரி நன்றாகவே இருந்தது, ஆனால் நான் பாதி நேரமும் ஜெபமாலைதான் சொன்னேன்.

கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவெல்லாம் விளக்கு, சதுக்கத்தில் பெரிய மரம், பனிக்கட்டியில் செதுக்கிய பொம்மைகள். அவ்வளவும் புத்தாண்டுக்கு. அங்கே பெரும்பான்மையான ஆர்த்தடாக்ஸ் சபைக் கிறிஸ்தவர்கள் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 7-ஆம் தேதிதான் பிறப்பு விழா கொண்டாடுகிறார்கள். டிசம்பர் 25 அங்கே வேலை நாள். அந்த வருடம் அது திங்கட்கிழமை. இரவுப் பூசை முடிந்து எங்களைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டுப் போன பெண் ஒருத்தி, சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பினாள். நம் ஊரில் கடற்கரை முழுக்க ஸ்டார் தொங்கும், நாலு நாளைக்குப் படகு இறங்காது. இங்கே விழாவைக் கொண்டாடுகிறவர்கள் தூக்கத்தைக் கொடுத்துக் கொண்டாடுகிறார்கள்.

பூசைக்கு முன் போலந்து வழக்கப்படி மெல்லிய அப்பம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பூசையில் கொடுக்கும் நன்மை அப்பம் மாதிரி இருக்கும், ஆனால் மந்திரிக்காதது. ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் கொஞ்சம் உடைத்துத் தின்று வாழ்த்த வேண்டும். என்னிடம் வந்த பெண்களில் ஒருத்திக்கு என் வயது இருக்கும். போனை எடுத்து, ராணுவ உடையில் இருக்கும் பையனின் படத்தைக் காட்டினாள். எங்கே இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் அப்பத்தில் இரண்டு துண்டு உடைத்தாள், ஒன்றைத் தின்றாள், மற்றதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அவளுக்கு ரஷ்யன், எனக்குத் தமிழ். மொழிபெயர்க்க மகனைக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மறுநாள் மகன், "அம்மா, ஒரு பாட்டிக்கு நன்மை கொடுக்கப் போகிறேன், வருகிறீர்களா?" என்று கேட்டான். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது, அந்தக் காலத்துக் கட்டிடம். கதவைத் திறந்தவருக்கு 85 வயது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எப்போதிருந்து காத்திருந்தாரோ. நன்மை வாங்கிய பிறகு எங்களை உட்காரவைத்து, டீயும் ஜாமும் வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். மகன் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவர் ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஜெர்மானியர்களில் ஒருவர். ஜெர்மனியோடு போர் மூண்ட வருடம் அது. 1941 ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஆணை போட்டு அந்த மக்கள் அத்தனை பேரையும் சரக்கு ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். இவருக்கு அப்போது மூன்று வயது. அப்பாவைக் கட்டாய உழைப்புப் படைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அம்மா மாதா மாதம் அதிகாரியிடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஊரை விட்டு நகரக் கூடாது. 1955 கடைசியில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அப்போதும் சொந்த ஊருக்குத் திரும்ப விடவில்லை. சாமியார் கிடையாது, கோயில் கிடையாது. இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது பாட்டிதான், வீட்டுத் தண்ணீரில்.

பேசிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கருப்பு ரெக்சின் அட்டை, நடுவில் நூல் போட்டுத் தைத்தது. ஊதா மையில் பொடிப்பொடி எழுத்து. அவருடைய அம்மா நினைவிலிருந்த ஜெபங்களையெல்லாம் எழுதிவைத்தது. பக்கத்தின் கீழ் மூலைகள் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறி, தாள் துணி மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலைப் போர்வையால் மறைத்துக்கொண்டு இதை வாசிப்பார்களாம். அம்மா இறந்தபோது சாமியார் இல்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் கூடி, இந்த நோட்டைப் பார்த்தே அடக்கம் செய்தார்கள். 1990-களில் கோயில் மறுபடி வந்தபோதுதான் இவர் முதல்முறையாகச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார், ஐம்பது வயது தாண்டிய பிறகு.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகனைப் பார்த்து ஏதோ கேட்டார். அவன் தலையை ஆட்டி ஒரு வார்த்தை சொன்னான். படி இறங்கும்போது என்ன கேட்டார் என்று விசாரித்தேன். "நான் சாகும்போது நீங்கள் இங்கே இருப்பீர்களா என்று கேட்டார்கள். இருப்பேன் என்றேன்" என்றான்.

அன்றைக்கு என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, மகளே. ஐம்பது பேரா ஐந்நூறு பேரா என்று அதற்குப் பிறகு நான் எண்ணியதில்லை. போன வருடம் பிப்ரவரியில் அந்தப் பாட்டி இறந்தார். இறுகிய மண்ணைத் தீமூட்டி இளக்கித்தான் குழி தோண்டினார்களாம். என் மகன்தான் அடக்கம் செய்தான், அந்த நோட்டிலிருந்து ஒரு ஜெபத்தையும் ஜெர்மனில் வாசித்திருக்கிறான்.

உன் அம்மா பயப்படுவது சட்டத்தைப் பற்றியும் இருக்கலாம். 2016 ஜூலையில் ஒரு கடுமையான சட்டம் வந்தது. அதற்குப் பிறகு சமயப் பிரசாரம் செய்ய சபையின் எழுத்துபூர்வமான அனுமதி கையில் இருக்க வேண்டும். தெருவில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுப்பது, வீடு வீடாகப் போய்ப் பேசுவதெல்லாம் நடக்காது. மீறும் வெளிநாட்டுக்காரருக்கு 30,000 முதல் 50,000 ரூபிள் வரை அபராதம், நாட்டை விட்டும் அனுப்பலாம். மறு வருடம் யெகோவாவின் சாட்சிகள் என்ற குழுவுக்கு மொத்தமாகவே தடை. நம் பிள்ளைகள் கோயிலுக்குள் பூசை வைப்பது, பங்கு மக்களின் வீட்டுக்குப் போய் நோயாளிக்கு ஜெபிப்பது எல்லாம் நடக்கிறது. என் மகன் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் தன்னோடு வைத்திருக்கிறான். "நான் யாரையும் மாற்ற வரவில்லை அம்மா, இருக்கிறவர்களோடு இருக்க வந்திருக்கிறேன்" என்று சொன்னான். ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் உப்பில் ஊறப்போட்ட வெள்ளரிக்காய் ஒரு ஜாடி கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் கொண்டுபோன முந்திரிக்கொத்தைத் தின்றுவிட்டு, இதில் என்ன பருப்பு என்று கேட்டார்.

அவன் அப்பாவின் கதை தனி. கோயிலை விட அவருக்கு ஏரிதான். பைக்கால் டிசம்பரில் இன்னும் உறைந்திருக்காது, ஜனவரியில்தான் உறையும். லிஸ்ட்வியாங்கா என்ற ஊரில் ஏரியோரச் சந்தையில் ஓமுல் என்ற மீனைப் புகை போட்டு விற்கிறார்கள். அவர் கையில் வாங்கிச் செவுளைப் பார்த்து, முதுகை அழுத்திப் பார்த்து, "மக்கா, எந்த வலையில பிடிச்சதுன்னு கேளு" என்றார். மீன்காரம்மா சொன்ன பதில் அவரை உலுக்கிவிட்டது. மீன் குறைந்துபோனதால் 2017 அக்டோபரிலிருந்து பைக்காலில் ஓமுலை வியாபாரத்துக்குப் பிடிக்கத் தடை, இது வடக்கே வேறு தண்ணீரிலிருந்து வருகிறது என்றார். நமக்கு வருடத்தில் 61 நாள் தடைக்காலம், அதற்கே வீட்டில் என்ன பாடு! வருடக்கணக்கில் தடை என்றால் அந்தக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்டுக் கேட்டு, இரண்டு பேரும் மகனை நடுவில் நிறுத்தி அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில் அந்த அம்மா காசு வாங்காமல் ஒரு மீனைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காசைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் வந்தார்.

கேட்டவர்: ஒரு தங்கை, தூத்துக்குடி

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பாட்டியின் பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். ரொம்ப நன்றி அம்மா. நாங்களும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. விசா, பணம், துணிமணி எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: ஒரு அம்மா, கன்னியாகுமரி மாவட்டம்

விசா பெரிய விஷயம் இல்லை மகளே. 2023 ஆகஸ்டிலிருந்து இந்தியர்களுக்கு இ-விசா இருக்கிறது. நாங்கள் போனபோது 16 நாள் தங்க அனுமதி. எல்லா எல்லையிலும் அது செல்லாது, எந்த விமான நிலையத்தில் செல்லும் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். தங்கும் இடத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள், கோயில் வீட்டில் தங்கினால் அண்ணனை உடனே செய்யச் சொல்.

நம் ஊர் விசா கார்டு, மாஸ்டர்கார்டு அங்கே வேலை செய்யாது, 2022 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் வங்கியில் மாற்றுங்கள். நோட்டு புதிதாக, கசங்காமல், பேனாக் கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும். எங்களிடம் இருந்த ஒரு நோட்டை ஓரம் கிழிந்திருக்கிறது என்று வாங்க மறுத்துவிட்டார்கள்.

துணிக்கு இங்கே காசைக் கொட்ட வேண்டாம். உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை, இவை போதும். கோட்டும் பூட்ஸும் அங்கே இரவல் கிடைக்கும், இல்லாவிட்டால் அங்கே வாங்குவதுதான் அந்தக் குளிருக்குத் தாங்கும். வீட்டுக்குள் ஹீட்டர் வெக்கையில் காட்டன் புடவையே போதும், அதனால் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளச் சொல். அம்மாவுக்கு முட்டுவலி இருந்தால் டிசம்பர் வேண்டாம், நடைபாதையெல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்கும், நான் அவர் கையை விடாமல்தான் நடந்தேன். ஜூலை, ஆகஸ்டில் போங்கள். அண்ணன் எந்த ஊருக்குப் போகிறான் என்று தெரிந்ததும் எழுது. இர்குட்ஸ்க் பக்கம் என்றால் என் மகனிடம் சொல்லிவைக்கிறேன்.