வீட்டு ஆபீசுக்கு ஃபேக்ஸ் மெஷின்: ரோல் பேப்பரா, லேசரா, மெஷினே வேண்டாமா?

ஈத்தாமொழி கயிறு:
வணக்கம். வீட்டோடு சேர்ந்த ஓர் அறையில் தென்னைநார் மிதியடி வியாபாரம் செய்கிறேன். ஜப்பானில் ஒரு சின்னக் கடைக்காரர் சரக்கு கேட்டிருக்கிறார். ஆர்டரை முத்திரை குத்தி ஃபேக்ஸில்தான் அனுப்புவாராம். நானும் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். மாதம் பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். வீட்டில் ஃபைபர் இணைப்பு, அதோடு வந்த லேண்ட்லைன் நம்பர். நாகர்கோவிலில் ஒரு பழைய ரோல் பேப்பர் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. லேசர் பல மடங்கு விலை. எதை வாங்கலாம்?

வடசேரி அச்சகம்:
ரோல் மெஷினைத் தொடாதீர்கள் தம்பி. அந்தத் தாளில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய மருந்து சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. என்னிடம் ஒரு வருஷத்து ஆர்டர்கள் அந்தத் தாளில் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைல் செய்தேன். ஆடிட்டர் கேட்டபோது எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளைத்தாள். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருளே எழுத்தை அழித்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. வெயில் பட்டாலும் அதே கதி. சாதாரண ஏ4 தாளில் அடிக்கும் லேசரை வாங்குங்கள்.

குளச்சல் காற்று:
அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. உறையில் போட்டது மெஷினின் குற்றமா? வந்த தாளை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் போதும். மீன் ஏற்றுமதிக் கணக்குப் பார்த்த நாள் முழுக்க எனக்கு ரோல் மெஷின்தான். டோனர் வாங்க வேண்டாம், மை காய்வதும் இல்லை. கடற்கரைப் பக்கம் ஈரக்காற்றில் ஏ4 தாள் நமத்துப் போய் இரண்டிரண்டாக இழுத்துச் சிக்கும். மாதம் பதினைந்து பக்கத்துக்கு லேசர் எதற்கு?

குழித்துறை அக்கா:
மெஷினே எதற்குத் தம்பி? நான் வீட்டிலிருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் வேலை செய்கிறேன். அங்கே இன்னும் ஃபேக்ஸ் ஓடுகிறது. ஆனால் என் வீட்டில் மெஷின் இல்லை. மாதக் கட்டணம் கட்டி ஆன்லைன் ஃபேக்ஸ் நம்பர் வைத்திருக்கிறேன், வந்த பக்கம் பிடிஎஃப் ஆக மெயிலில் விழும். ஜப்பான் நம்பரே எடுத்தால் அந்தக் கடைக்காரருக்கு ஐஎஸ்டி செலவும் மிச்சம். இன்னொன்று: ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 9 மணிக்குக் கடை திறந்து ஃபேக்ஸ் போட்டால் ஈத்தாமொழியில் 5.30. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது போன் அலறும். அப்புறம் கரண்ட். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! தாளும் கரண்டும் இல்லாத நேரத்தில் வரும் ஆர்டரை மெஷின் எப்படி வாங்கும்?

வடசேரி அச்சகம்:
அக்கா, கட்டணம் கட்டாமல் விட்டால் அந்த நம்பர் கையை விட்டுப் போகும். விசிட்டிங் கார்டில் அடித்த நம்பரை மாற்றுவது வியாபாரத்தில் சின்ன விஷயம் இல்லை. வாடிக்கையாளர் தாள்கள் வேறொருவர் சர்வரில் கிடப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச்:
தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள், லைனைப் பார்க்கவில்லை. ஃபேக்ஸ் என்பது சத்தம். தாளில் உள்ள கறுப்பு வெள்ளையை ஒலியாக மாற்றித்தான் மெஷின் அனுப்புகிறது. செம்புக் கம்பியில் அந்தச் சத்தம் நேராகப் போகும். ஃபைபரில் குரலைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறார்கள், சில நேரம் சுருக்கியும் விடுகிறார்கள். பேசும்போது ஒரு துண்டு தொலைந்தால் நம் காது சமாளித்துக்கொள்ளும், ஃபேக்ஸ் சமாளிக்காது. இதற்காகவே டி.38 என்று ஒரு முறை இருக்கிறது. உங்கள் லைனில் அது உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மெஷின் அனுப்பும் வேகத்தை வினாடிக்கு 14400 பிட்டிலிருந்து 9600-க்கு இறக்குங்கள். ஒரு பக்கத்துக்குச் சில வினாடி கூடும், அவ்வளவுதான். அதற்கும் மசியாவிட்டால் ஈசிஎம் என்ற பிழைதிருத்த வசதியை அணைத்துப் பாருங்கள். வேகம் மாற்ற வழியில்லாத பழைய மெஷினை ஃபைபரில் மாட்டாதீர்கள்.

ஃபைபரில் ஒரு நன்மையும் உண்டு. ஐப்பசி இடி மின்னல் செம்புக் கம்பி வழியாக வந்து மெஷினைச் சுட்டுவிடும், கண்ணாடி இழையில் அது வராது. கரண்ட் கம்பி வழியாக வருவது வேறு, அதற்கு மின்னல் தடுப்பான் போட வேண்டும். ஃபைபர் மோடத்துக்கும் மெஷினுக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் வையுங்கள்.

குளச்சல் காற்று:
ஐயா, ஈசிஎம்-ஐ அணைக்கச் சொல்வது ஆபத்து. அது இருந்தால் கெட்ட பகுதியைத் திரும்பக் கேட்டு வாங்கும். இல்லையென்றால் கோடு விட்டுப் போனது போனதுதான். சாதாரண நிலையில் அங்குலத்துக்கு மேலிருந்து கீழே 98 கோடுதான். அதில் இரண்டு மூன்று போனால் 8 என்பது 3 போலத் தெரியும். 800 மிதியடிக்கு 300 அனுப்பிவிட்டு யாரிடம் அழுவது?

பழைய எக்ஸ்சேஞ்ச்:
நியாயம். அதனால்தான் கடைசியில் சொன்னேன். அணைக்க வேண்டி வந்தால் எண்ணிக்கையை மெயிலிலும் ஒரு வரி உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபைன் நிலையில் அனுப்பச் சொன்னால் 196 கோடு வரும், முத்திரையில் உள்ள சின்ன எழுத்தும் படிக்க முடியும்.

ஈத்தாமொழி கயிறு:
எல்லோருக்கும் நன்றி. நண்பரின் லேசர் மெஷினை இரண்டு நாள் இரவல் வாங்கி என் லைனில் மாட்டினேன். 14400-ல் இரண்டாவது பக்கம் பாதியில் அறுந்தது. 9600-ல் மூன்று பக்கமும் வந்தன, ஈசிஎம் இருக்கும்போதே. லேசரே வாங்கப் போகிறேன். ரோல் மெஷினைக் கடையில் போய்ப் பார்த்தேன், அதில் வேகம் மாற்ற வழியே இல்லை. தாள் நமத்துப் போவதற்கு மூடியுள்ள டப்பா ஒன்று வாங்கிவிட்டேன் அண்ணே.

குழித்துறை அக்கா:
சரி, வாங்குங்கள். ஆனால் முதல் மணியிலேயே மெஷின் எடுக்கும்படி வைத்து, படுக்கையறைப் பக்கம் இருக்கும் போனின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து டோனர் செலவு, யூபிஎஸ் பேட்டரிச் செலவு இரண்டையும் எழுதுங்கள், என் மாதக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நான் இன்னும் மெஷின் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.